வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு: பணக் கணக்கு போடும் முழு வழிகாட்டி

பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அப்பா, மறதி நோயில் இருக்கும் மாமியார், இடுப்பெலும்பு முறிந்து நடக்க முடியாத பாட்டி. இவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கும் எந்தக் குடும்பத்திலும் மாதச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். மருந்துக்கடை பில், டயபர் பில், டாக்டர் பீஸ் என்று எடுத்துப் போடுவார்கள். வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் மகளின் சம்பளம் அந்தக் கணக்கில் இருக்காது. பெரும்பாலான வீடுகளில் உண்மையான பெரிய செலவு அதுதான்.

இந்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் யாரையாவது பராமரிக்கிறார்கள், நாளுக்குச் சுமார் 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவீதம் பேர், 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் சேர்ந்த கணக்கு இது. அதனால் கீழே சொல்வதில் பலதும் பெண்களை மனதில் வைத்தே வருகிறது. பார்த்துக்கொள்ளும் மகன்களுக்கும் அதே கணக்குதான். சட்டம், திட்டம் என்று வரும் இடங்களில் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பதைச் சொல்கிறேன்.

முதல் படி: நோட்டில் மூன்று பக்கம்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆப் எல்லாம் வேண்டாம். பிறகு அண்ணன் தம்பியிடம் காட்ட வேண்டியிருக்கும், தாளில் இருப்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

முதல் பக்கத்தில் மாதாமாதம் வரும் செலவு: மாத்திரை, டயபர், அண்டர்பேட், பிசியோதெரபி, டியூப் வழியாக உணவு கொடுத்தால் அதற்கான பவுடர், கூடுதல் கரண்ட் பில், துணி துவைக்கும் ஆளுக்குக் கொடுப்பது. இரண்டாம் பக்கத்தில் எப்போதாவது வருவது: ஆம்புலன்ஸ், ஸ்கேன், காற்று மெத்தை, வீல்சேர், பாத்ரூமில் கைப்பிடி வைத்தது, கேத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றியது. இதை 12-ஆல் வகுத்து மாதக் கணக்காக்குங்கள்.

மூன்றாம் பக்கம்தான் யாரும் எழுதாதது: பார்த்துக்கொள்பவர் இழந்தது. ஒரு உதாரணம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் மாதம் 20,000 வாங்கும் பெண் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்காக வேலையை விட்டு 3 வருடம் வீட்டில் இருந்தால் சம்பளம் மட்டும் 7,20,000 போயிற்று. கம்பெனி தன் பங்காகப் போடும் பி.எஃப். மாதம் 1,800 என்றால் அதில் 64,800. போனஸ், இன்கிரிமெண்ட் எல்லாம் இதில் சேரவில்லை. திரும்ப வேலைக்குப் போகும்போது பழைய சம்பளம் கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இந்தப் பக்கத்தை எழுதும்போது, பெற்ற தாய்க்கே விலை போடுகிறோமே என்று கூச்சம் வரும். விலை அம்மாவுக்கு இல்லை, உங்கள் உழைப்புக்கு. எழுதுங்கள்.

இரண்டாம் படி: ராஜினாமா கொடுக்கும் முன்

தனியார் வேலையில் வயதான பெற்றோரைப் பார்க்கத் தனியாகச் சம்பளத்துடன் விடுப்பு தரும் சட்டம் நம்மிடம் இல்லை. பலர் நெருக்கடியில் ஒரே வாரத்தில் வேலையை விட்டுவிடுகிறார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வரும் அந்த முதல் மாதம் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். இருக்கும் விடுப்பைப் போடுங்கள், முடிந்தால் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள், ஷிப்டு மாற்றிக் கேளுங்கள். அந்த இடைவெளியில் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) வாங்க ஒரே நிறுவனத்தில் பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். நாலே முக்கால் வருடத்தில் இருக்கிறீர்கள் என்றால் இன்னும் மூன்று மாதம் எப்படியாவது இழுத்துப் பிடிப்பது லாபம். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சேவை தேவை. அதற்கு முன் விலகுகிறவர்கள் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துச் செலவு செய்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ வாங்கி வைத்தால், பிறகு வேறு வேலைக்குப் போகும்போது பழைய ஆண்டுகளும் சேரும்.

இ.எஸ்.ஐ. மிக முக்கியம். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்களுக்கு உள்ள இந்தக் காப்பீட்டில், உங்களைச் சார்ந்து இருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. அம்மாவைப் பார்க்கவே வேலையை விட்டு, அம்மாவின் இலவச சிகிச்சையையும் சேர்த்து இழப்பது எவ்வளவு பெரிய விபரீதம்! விலகிய பிறகும் கட்டிய சந்தாவைப் பொறுத்துக் கொஞ்ச காலம் பலன் தொடரும், எந்தத் தேதிவரை என்று கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு ராஜினாமா தேதியைப் போடுங்கள். சம்பளம் அதற்கு மேல் என்றால் கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் இருக்கலாம். வேலை போனால் அதுவும் போகும். விலகும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் இருக்க அதுதான் வழி.

கடைசியாக ஒரு எளிய ஒப்பீடு: பகலில் மட்டும் ஒரு ஆள் வைத்தால் உங்கள் ஊரில் எவ்வளவு? ஏஜென்சி வழியாகவும், அக்கம்பக்கத்தில் தெரிந்தவர் வழியாகவும் இரண்டு விலை கேளுங்கள். உங்கள் சம்பளம் அதைவிடக் கொஞ்சம்தான் கூட என்றாலும், என் கருத்தில் வேலையை விடக் கூடாது. இன்றைக்கு அந்தச் சில ஆயிரம் மட்டுமே மிச்சமாகத் தெரியும். ஆனால் வேலையோடு பி.எஃப்., காப்பீடு, அனுபவம் மூன்றும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. சம்பளம் ஆள் கூலியைவிடக் குறைவு என்றால் கணக்கு வேறு. அப்போது விடலாம், ஆனால் மூன்றாம் படியை முடித்துவிட்டு.

மூன்றாம் படி: கூடப்பிறந்தவர்களோடு பேசுவது

இதுதான் கஷ்டமான இடம். கோபத்தோடு போனில் ஆரம்பித்தால் ‘நீ தானே பார்க்கிறேன்னு சொன்ன’ என்பதில் முடியும். நோட்டை வைத்துக்கொண்டு, எல்லோரும் இருக்கும் ஒரு நேரத்தில், ஒரே ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள்.

பேச்சை அப்பாவின் பணத்திலிருந்து தொடங்குங்கள். அவருடைய ஓய்வூதியம், வீட்டு வாடகை, டெபாசிட், விற்கக்கூடிய மனை. பல வீடுகளில் அப்பாவின் டெபாசிட் ‘பிள்ளைகளுக்கு’ என்று தொடாமல் கிடக்கும், பார்த்துக்கொள்ளும் மகளின் நகை அடகுக் கடையில் இருக்கும். இது நியாயமே இல்லை. அவர் சம்பாதித்தது முதலில் அவருக்குச் செலவாகட்டும். அது தீரும்போதோ போதாதபோதோதான் பிள்ளைகள் பங்கு.

பிறகு பங்கு. சமமாகப் பிரிப்பதைவிட, வருமானத்துக்குத் தக்கபடி பிரிப்பது நிற்கும். பார்த்துக்கொள்பவர் தன் உழைப்பை ஏற்கெனவே கொடுத்துவிட்டார், அதற்கு மேல் அவரிடம் பணமும் சமமாகக் கேட்பது இரட்டைப் பிடித்தம். பேசும் விதம் இப்படி இருக்கலாம்: “அண்ணே, அம்மாவுக்கு மாசம் இவ்வளவு ஆகுது. அப்பா பென்ஷன் போக இவ்வளவு இடிக்குது. நான் வேலைக்குப் போகாததால எனக்கு இவ்வளவு போகுது. பாக்கியை நீயும் தம்பியும் எப்படிப் பிரிச்சுக்கிறீங்க?” தருவாயா மாட்டாயா என்று கேட்காமல், எப்படிப் பிரிப்பது என்று கேட்கிறீர்கள்.

பணம் ஒரு தனிக் கணக்குக்கு வரட்டும். கையில் வாங்கிச் செலவழித்தால் ஆறு மாதத்தில் கணக்கு கேட்பார்கள், இல்லை கணக்கே கேட்காமல் சந்தேகப்படுவார்கள். மாதம் ஒருமுறை குடும்ப வாட்ஸப்பில் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டுவிடுங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை உங்களுக்கு அன்பளிப்பாக அனுப்பும் பணத்துக்கு வருமான வரி இல்லை, தொகை எவ்வளவானாலும் சரி. துபாயிலிருந்து தம்பி அனுப்பினாலும் அதுவே.

பணம் தர முடியாதவர் நேரம் தரலாம். மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து பார்த்துக்கொண்டால் உங்களுக்கு மூச்சு விட முடியும். ‘முடிந்தபோது வருகிறேன்’ என்பதை ஏற்காதீர்கள், காலண்டரில் தேதி குறியுங்கள்.

மருமகள்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மாமியாரின் உடம்பைத் துடைத்து, சாப்பாடு ஊட்டி, இரவில் எழுந்து பார்ப்பது பெரும்பாலும் மருமகள்தான். ஆனால் கணவர் உயிரோடு இருக்கும்போது மாமியார் சொத்தில் மருமகளுக்குச் சட்டப்படி வாரிசுரிமை கிடையாது. பெற்றோரைப் பராமரிக்கும் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிள்ளைகள் என்ற பட்டியலில் மகன், மகள், பேரன், பேத்தி இருக்கிறார்கள், மருமகள் இல்லை. சட்டப்படி கடமையும் இல்லை, உரிமையும் இல்லை, வேலை மட்டும் உண்டு. அதனால் குடும்பம் அவருக்கு ஏதாவது செய்வதென்றால் அது அவர் பெயரிலேயே இருக்க வேண்டும்: அவர் பெயரில் மாதச் சேமிப்பு, அல்லது மாமியார் எழுதும் உயிலில் அவர் பெயர்.

உடன்பிறந்தவர்கள் எவ்வளவு பேசியும் மசியவில்லை என்றால், அந்த 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வேண்டாம். மாதம் 10,000 வரை தரச் சொல்லி உத்தரவிட முடியும். பெரியவர்கள் உதவி எண் 14567-இல் வழி கேட்கலாம். ஆனால் இது கடைசி ஆயுதம். மனு போன பிறகு அந்த அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்.

நான்காம் படி: அரசு தருவதை வாங்குவது

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலக மையத்தில் அட்டை வாங்கலாம். வருமானம் அதிகம் என்றாலும் பெரியவருக்கு 70 வயது ஆகியிருந்தால் 2024 அக்டோபரில் வந்த மத்திய அரசின் வய வந்தனா அட்டையைப் பாருங்கள், அதற்கு வருமான வரம்பு இல்லை. இரண்டுமே மருத்துவமனையில் சேர்வதற்கானவை. வீட்டில் ஆகும் டயபருக்கும் ஆளுக்கும் ஒரு ரூபாய் கிடைக்காது, அந்த எதிர்பார்ப்போடு போகாதீர்கள்.

வீட்டுக்கு வரும் உதவி மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வரும். பலருக்கும் தெரியாத பகுதி, இதிலேயே இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டில் கிடைக்கும் என்பது. படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கேத்தீட்டர் பார்ப்பது எல்லாம் அதில் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். தனியார் பிசியோ வாரம் மூன்று முறை வந்தால் ஆகும் செலவை நினைத்தால், அவர்கள் மாதம் சில முறை வந்து செய்முறையைக் கற்றுக்கொடுப்பதே பெரிய மிச்சம்.

அடுத்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவர், பார்க்கின்சன் நோயாளி எல்லாம் இதற்குத் தகுதி பெறலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தோன்றுவதே இல்லை, ‘வயசானதுக்கு என்ன அட்டை’ என்று விட்டுவிடுகிறார்கள். கடுமையான பாதிப்பு இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் மாதம் 2,000 ஆனது. பார்க்கின்சனும் தண்டுவட பாதிப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் மறதி நோய்க்குத் தனி இடம் இல்லை, மனநலப் பிரிவில் மதிப்பிட முடியுமா என்று அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் கேளுங்கள். ஆதரவற்ற நிலையில் இருக்கும் முதியவருக்கு உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ஆக்கப்பட்டது.

பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கே நேரடியாக வருவது என்றால் 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000. வீட்டு உழைப்பை அங்கீகரிப்பது என்று சொல்லித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். தகுதி இருந்தும் விண்ணப்பம் தள்ளுபடியானால் மேல்முறையீடு செய்யலாம். அந்தப் பணத்தை நோட்டின் முதல் பக்கத்தில் சேர்க்காதீர்கள், அது உங்களுடையது.

ஐந்தாம் படி: மாதச் செலவைக் குறைப்பது

மருந்துதான் முதல் இடம். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் அதே மூலப்பெயர் (ஜெனரிக்) மருந்து பல மடங்கு குறைவாகக் கிடைக்கும். டாக்டரிடம் சீட்டில் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அத்தோடு இன்னொன்று கேளுங்கள்: “இதில் எதை நிறுத்தலாம்?” ஐந்து டாக்டர்கள் ஐந்து சமயத்தில் எழுதிய மாத்திரைகளை ஒருவரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கட்டில், ஆக்ஸிஜன் மெஷின் போன்றவற்றை முதல் மூன்று மாதம் வாடகைக்கு எடுங்கள். உடல்நிலை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்த பிறகு வாங்கலாம். காற்று மெத்தை மட்டும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். படுக்கைப் புண் வந்த பிறகு ஆகும் கட்டு, ஆண்டிபயாடிக், மறுபடி ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தால் மெத்தை விலை ஒன்றுமே இல்லை. மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், அதற்குக் காசு ஆகாது. டயபரை இரவுக்கு வைத்துக்கொண்டு பகலில் குறித்த நேரத்துக்குக் கமோடு நாற்காலியில் உட்கார வைத்தால் பில் பாதியாகும், தோலும் பிழைக்கும்.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் வங்கி அல்லது கூட்டுறவுச் சங்க நகைக்கடன். அடகுக் கடையும் கிரெடிட் கார்டும் இந்த வகைச் செலவுக்கு ஆகாது, இது ஒரு மாதத்தில் முடியும் செலவில்லை. பி.எஃப்.-இல் நோய்க்காக எடுக்கும் முன்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, அதனாலேயே அதில் கை வைக்க ஆசை வரும். அது உங்கள் முதுமைக்கான பணம், கடைசியில் வையுங்கள்.

ஆறாம் படி: வரி

பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும் இது. புதிய முறை இப்போது தானாகவே பொருந்தும், பழையதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். காப்பீடே இல்லாத 60 வயது தாண்டிய பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 50,000 வரை கழிவு உண்டு, ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. சார்ந்திருப்பவருக்கு 40 சதவீத ஊனச் சான்று இருந்தால் 75,000, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. இவற்றால் பலன் அதிக வரி கட்டும் அண்ணனுக்குத்தான். ஆகவே ஆஸ்பத்திரி பில்லை அவர் கணக்கிலிருந்தே நேராகக் கட்டச் சொல்லுங்கள், அவருக்கு மிச்சமாகும் வரியை அம்மாவின் கணக்கில் போடச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

ஏழாம் படி: கையெழுத்துப் போட முடியும்போதே

பெரியவர் வங்கிக் கணக்கில் உங்கள் பெயரை ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் சேர்த்துவிடுங்கள். இது செய்யாமல் நினைவு தப்பிவிட்டால், பணம் இருந்தும் எடுக்க முடியாமல் வட்டிக்கு வாங்கும் நிலை வரும். கையெழுத்து மட்டும் வராது, நினைவு தெளிவாக இருக்கிறது என்றால் வழி உண்டு: சாட்சிகளோடு கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி அனுமதிக்கிறது. 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கு வந்து சேவை செய்யவும் வங்கிகளுக்கு அறிவுறுத்தல் இருக்கிறது.

பவர் பத்திரம் எழுதிவிட்டோம், கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் மனநிலை தெளிவை இழந்தால் பவரும் அன்றோடு செல்லாது, ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மறதி நோய் உள்ள வீட்டில் பவரை நம்பி உட்காரக் கூடாது. அதன் பிறகு மனையை விற்றுச் சிகிச்சை பார்க்க வேண்டுமென்றால் பாதுகாவலராக நியமிக்கக் கேட்டு உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் பிறகு தகராறு குறையும். படுக்கையில் இருப்பவருக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. உயிருடன் இருக்கும்போதே வீட்டை ஒரு பிள்ளைக்கு செட்டில்மெண்ட் எழுதுவதென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மீறினால் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்கலாம். நீங்கள் வாங்கிக்கொள்பவராக இருந்தாலும் அந்த நிபந்தனை இருக்கட்டும். எதற்காகக் கொடுத்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

எட்டாம் படி: உங்கள் பெயரில்

மாதம் 500 என்றாலும் உங்கள் பெயரில் ஏதோ ஒன்று ஓட வேண்டும். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கை ஆண்டுக்கு 500 போட்டே உயிரோடு வைத்திருக்கலாம். 40 வயதுக்குள் இருந்து வருமான வரி கட்டாதவர் என்றால் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம், 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 வரை வரும். உங்களுக்கென்று ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள். தூக்கிப் படுக்க வைத்தே முதுகு போன பெண்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

திருமணமாகாத, கணவரை இழந்த, விவாகரத்தான மகள் பார்த்துக்கொள்கிறார், அப்பா மத்திய அரசில் ஓய்வு பெற்றவர் என்றால் இன்னொன்றையும் உடனே செய்யுங்கள். அம்மா அப்பா இருவருக்கும் பிறகு, வருமான வரம்புக்கு உட்பட்டு, சார்ந்திருக்கும் அந்த மகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும், வயது வரம்பு இல்லை. விவாகரத்து என்றால் வழக்காவது பெற்றோர் உயிரோடு இருக்கும்போது தாக்கல் ஆகியிருக்க வேண்டும். குடும்ப விவரப் படிவத்தில் மகள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அப்பா கையெழுத்தோடு ஓய்வூதியம் வழங்கிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அந்த நோட்டின் மூன்றாம் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.